அடைக்கலம் தந்த ஊரின் கணக்கு

மக்காவைத் துறந்து ஹிஜ்ரத் வந்த முஹாஜிர்களை நபி (ஸல்) அவர்கள் மதீனாவாசிகளின் பொதுவான இரக்கத்தில் விட்டுவிடவில்லை. ஒரு முஹாஜிரை ஓர் அன்சாரியோடு சகோதரராக இணைத்தார்கள். யாருக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாயிற்று; சுமையும் பல வீடுகளுக்குப் பிரிந்தது.

நம் காலத்தில் துருக்கியின் எல்லையோர ஊரான கிலிஸில் சுமை அப்படிப் பிரியவில்லை. 2011-ல் சிரியாவில் தொடங்கிய போருக்குத் தப்பி அங்கே வந்தவர்கள் ஒரு கட்டத்தில் உள்ளூர்க்காரர்களின் எண்ணிக்கையையே எட்டினார்கள். தண்ணீரும் குப்பை வண்டியும் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் மத்திய அரசு நகராட்சிக்குத் தரும் பங்கோ துருக்கியக் குடிமக்களின் தலைக்கணக்குப்படிதான். குழாயில் தண்ணீர் குறைந்தால் உள்ளூர்க்காரர் கண்ணில் படுவது பக்கத்து வீட்டு அகதி. கணக்கு எழுதிய விதம் கண்ணில் படாது.

பள்ளியில் சிக்கல் வேறு. இரு பிள்ளைகளும் ஓதும் குர்ஆன் ஒன்றுதான்; கரும்பலகையில் இருப்பதோ லத்தீன் எழுத்தில் துருக்கி மொழி. முதலில் அரபியில் பாடம் நடத்தத் தற்காலிக மையங்கள் இருந்தன. 2016-க்குப் பிறகு அவற்றைப் படிப்படியாக மூடி, பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்த்தார்கள். துருக்கி மொழி கற்பிக்கத் தனி ஆசிரியர்களும் வந்தார்கள். சரியான முடிவுதான். ஆனாலும், பிள்ளையின் நாவில் அரபு தேய்ந்துவிடுமே என்ற தாயின் கவலையைத் தள்ளிவிட முடியாது. மொழிகள் வேறுபட்டிருப்பதையே அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்றாகக் காட்டுகிறது சூரா அர்ரூமின் 22-ஆம் வசனம்.