வாட்ஸ்அப் வைத்தியம்: நம்புவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்று, வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் என்று வலம் வரத் தொடங்கிவிட்டீர்களா? கம்ப்யூட்டருக்கு வைரஸ் வராமல் பார்த்துக்கொள்ள ஆன்ட்டி வைரஸ் போட்டிருப்பீர்கள். ஆனால் எந்த ஆன்ட்டி வைரஸும் பிடிக்காத ஒன்று தினமும் உங்கள் திரைக்கு வந்துகொண்டிருக்கிறது. அதுதான் பொய்யான மருத்துவச் செய்தி. இது கம்ப்யூட்டரை ஒன்றும் செய்யாது; படிப்பவரின் உடம்பைத்தான் பாதிக்கும்.

"வெண்டைக்காயை நறுக்கி இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும்" என்ற மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். வெண்டைக்காய் நல்ல காய்தான், நார்ச்சத்து உள்ளது. குடித்துவிட்டு மாத்திரையையும் சரியாக எடுத்துக்கொள்பவருக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் டைப் 1 வகைச் சர்க்கரை நோயுள்ள ஒரு பிள்ளைக்கு இதை நம்பி இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாட்களிலேயே ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும். மெசேஜை அனுப்பியவருக்கு அந்தப் பிள்ளை யார் என்றே தெரியாது.

எனவே இந்த மாதம் ஒரு சிறிய பாடம். இதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. பிரவுசரைத் திறக்கத் தெரிந்தால் போதும்.

நடந்தவை மூன்று

1. தமிழ்நாடு, 2017. தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி போடும் முகாம் பிப்ரவரியில் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை போட வேண்டும். கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களிலும் அதே நேரத்தில் நடந்தது. தொடங்கும் முன்பே, ஊசி ஆபத்தானது என்று வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் ஆடியோக்களும் மெசேஜ்களும் பரவின. பல பெற்றோர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. தட்டம்மை நிமோனியாவையும் மூளைக் காய்ச்சலையும் கொண்டுவரக் கூடியது. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றில் உள்ள குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம்.

2. ஈரான், 2020. மது குடித்தால் கொரோனா வராது என்ற வதந்தி சமூக வலைத்தளங்களில் பரவியது. அங்கு மது தடை செய்யப்பட்டது என்பதால் கள்ளத்தனமாகக் கிடைத்ததைக் குடித்தார்கள். அதில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், பலர் பார்வையை இழந்தார்கள்.

3. பிரிட்டன், 1998. அம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்பதுபோல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர் 'தி லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்தது வெறும் 12 குழந்தைகளை. பின்னர் அதில் முறைகேடுகள் தெரியவந்து, 2010-ல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. 2019-ல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து, அப்படி எந்தத் தொடர்பும் இல்லை என்று சொன்னார்கள். ஆனாலும் அந்தப் பழைய பொய் இன்றைக்கும் பார்வர்டு ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.

மெசேஜைப் பார்த்ததும் கவனிக்க வேண்டியவை

பொய்ச் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். கீழே உள்ள அடையாளங்களில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் உஷாராகுங்கள்.

* "முற்றிலும் குணம்", "15 நாளில்", "பக்க விளைவே கிடையாது" என்ற உறுதிமொழிகள். உண்மையான டாக்டர் இப்படிப் பேசுவது அபூர்வம்.

* ஒரே பொருள் சர்க்கரை, புற்றுநோய், மூட்டு வலி, முடி உதிர்தல் எல்லாவற்றையும் தீர்க்கும் என்பது. இவை வெவ்வேறு காரணங்களால் வருபவை. ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது.

* "டாக்டர்கள் உங்களிடம் மறைக்கிறார்கள்" என்ற வாக்கியம். ஆதாரம் கேட்கும் வாயை முன்கூட்டியே அடைக்கும் தந்திரம் இது.

* "உடனே 10 பேருக்கு அனுப்புங்கள், ஓர் உயிரைக் காப்பாற்றுங்கள்" என்ற அவசரம். நீங்கள் யோசித்துவிடக் கூடாது என்பதற்காகவே அவசரப்படுத்துகிறார்கள்.

* பெரிய மருத்துவமனையின் பெயர் இருக்கும். ஆனால் தேதி, இதழின் பெயர், இணைப்பு எதுவும் இருக்காது. சூடான தேங்காய்த் தண்ணீர் புற்றுநோயைக் கொல்லும் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் பெயரில் ஒரு மெசேஜ் 2019-ல் சுற்றியது. அது தங்களுடையது அல்ல என்று மருத்துவமனையே மறுத்தது.

* கடைசியில் ஒரு போன் நம்பரும் விலையும். நம் நாட்டில் 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய் உட்பட அதன் பட்டியலில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக மக்களிடம் விளம்பரம் செய்வதே குற்றம். ஆகவே "சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு" என்று விளம்பரம் வந்தால், அந்த விளம்பரமே முதல் எச்சரிக்கை.

வாட்ஸ்அப் தரும் ஓர் அடையாளமும் உண்டு. மெசேஜின் மேல் ஒற்றை அம்புக்குறி இருந்தால் அது பார்வர்டு செய்யப்பட்டது. இரட்டை அம்புக்குறி இருந்தால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகள் மாறி வந்திருக்கிறது. அதாவது, அனுப்பிய உங்கள் நண்பர் அதை எழுதியவர் அல்ல. இத்தகைய மெசேஜை ஒரு நேரத்தில் ஒரு நபருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனால் இரட்டை அம்புக்குறி இருப்பதாலேயே பொய் என்றோ, இல்லாததாலேயே உண்மை என்றோ முடிவு செய்யாதீர்கள்.

கம்ப்யூட்டரில் சோதிக்கும் வழி

முதல் படி: மெசேஜின் வாசகத்தைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து, மெசேஜில் வித்தியாசமாகத் தெரியும் ஒரு வரியை மட்டும் மவுஸால் செலக்ட் செய்து, கண்ட்ரோல் + சி அழுத்திக் காப்பி செய்யுங்கள். கூகுள் தேடல் கட்டத்தில் கண்ட்ரோல் + வி அழுத்தி ஒட்டுங்கள். வரியின் முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறி இடுங்கள். அப்போதுதான் அதே வார்த்தைகள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் கிடைக்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால் மேற்கோள் குறியை எடுத்துவிட்டு, கடைசியில் "உண்மையா" என்று சேர்த்து மறுபடி தேடுங்கள். பெரும்பாலான மெசேஜ்கள் பல வருடங்களாகச் சுற்றுபவை. யாராவது ஏற்கெனவே சோதித்து எழுதியிருப்பார்கள். தமிழில் யூடர்ன் போன்ற உண்மை கண்டறியும் தளங்கள் உள்ளன. மத்திய அரசு தொடர்பான செய்தி என்றால் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்க்கும் பிரிவைப் பாருங்கள்.

இரண்டாம் படி: படத்தைத் தேடுங்கள். குரோம் பிரவுசரில் இணையப் பக்கத்தில் உள்ள படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்தால் வரும் மெனுவில் கூகுள் லென்ஸ் என்ற பெயருள்ள வரி இருக்கும். அதைக் கிளிக் செய்யுங்கள். அந்தப் படம் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தெரியும். வீடியோவாக இருந்தால் முகம் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, விண்டோஸ் கீயுடன் பிரிண்ட் ஸ்கிரீன் கீயைச் சேர்த்து அழுத்துங்கள். பிக்சர்ஸ் போல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற போல்டரில் படம் பதிவாகும். கூகுள் தேடல் கட்டத்தில் உள்ள கேமரா சின்னத்தைக் கிளிக் செய்து அந்தப் படத்தைக் கொடுத்துத் தேடலாம். இப்போது ஏ.ஐ. மூலம் பிரபல டாக்டர்களின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து மருந்து விற்கிறார்கள். எனவே "அவரே பேசினாரே, என் கண்ணால் பார்த்தேன்" என்பது இனி ஆதாரம் ஆகாது.

மூன்றாம் படி: மூல இடத்துக்குப் போங்கள். மருத்துவமனையின் பெயர் சொல்லப்பட்டிருந்தால் அந்த மருத்துவமனையின் சொந்தத் தளத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். அரசுத் தளம் என்றால், முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள முகவரி டாட் ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடிகிறதா என்று கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தளத்தில் நோய் வாரியாக எளிய ஆங்கிலத்தில் விளக்கங்கள் உள்ளன. ஆங்கிலம் கடினமாக இருந்தால் கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஒட்டித் தமிழில் படிக்கலாம். ஆனால் மருந்தின் அளவை மட்டும் மொழிபெயர்ப்பை நம்பி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"ஆராய்ச்சியில் நிரூபணம்" என்றால்?

சில மெசேஜ்கள் உண்மையான ஆராய்ச்சியையே காட்டும். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, ஆராய்ச்சி எதில் நடந்தது? கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலா, எலியிலா, மனிதர்களிடமா? தட்டில் உள்ள புற்றுநோய் செல்லைப் பிளீச்சிங் திரவம்கூடக் கொன்றுவிடும். அதற்காக அதைக் குடிக்க முடியுமா? எலுமிச்சை கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது என்று ஈமெயில் காலத்திலிருந்து சுற்றும் செய்தியின் கதையும் இதுதான். எலுமிச்சையில் உள்ள சில பொருட்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்திருக்கிறார்கள். நோயாளிகள் அதைச் சாப்பிட்டுக் குணமானதாக எந்த ஆராய்ச்சியும் காட்டவில்லை.

இரண்டு, எத்தனை பேர்? 12 குழந்தைகளுக்கும் ஆறரை லட்சம் குழந்தைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மேலே பார்த்தோம்.

மூன்று, ஒப்பிட்டுப் பார்த்தார்களா? இதுதான் மிக முக்கியம். நான் சாப்ட்வேர் துறையில் வேலை செய்பவன். புரோகிராமில் ஒரு பிழை வந்தால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்வோம். நாலு மாற்றங்களை ஒன்றாகச் செய்து பிழை மறைந்துவிட்டால், எதனால் மறைந்தது என்று சொல்லவே முடியாது. மருத்துவத்திலும் அப்படித்தான். அதனால்தான் நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்து கொடுத்து, மறு குழுவுக்குக் கொடுக்காமல் ஒப்பிடுகிறார்கள். சளி எப்படியும் ஒரு வாரத்தில் போய்விடும். மூன்றாம் நாள் கஷாயம் குடித்தவர் ஏழாம் நாள் கஷாயத்தைப் புகழ்வார். குடிக்காதவருக்கும் சளி போயிருக்கும்.

2024 நவம்பரில், முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, எலுமிச்சை நீர், மஞ்சள், வேப்பிலை கொண்ட உணவு முறை தன் மனைவியின் புற்றுநோயை வெல்ல உதவியதாகப் பேசிய வீடியோ வேகமாகப் பரவியது. ஆனால் அவருக்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் அளிக்கப்பட்டிருந்தன. நாலு மாற்றங்கள் ஒன்றாக நடந்த புரோகிராம் மாதிரிதான் இது. டாடா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் நிபுணர்கள் 262 பேர் சேர்ந்து, இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். பின்னர் சித்துவும், டாக்டர்களின் ஆலோசனையோடு சிகிச்சைக்குத் துணையாகவே அந்த உணவைப் பின்பற்றியதாக விளக்கினார். முதல் வீடியோ போன வேகத்தில் விளக்கம் போகவில்லை என்பதுதான் வருத்தம்.

நாட்டு வைத்தியம் எல்லாமே பொய்யா?

இல்லை. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீர்க் கரைசல் வயிற்றுப்போக்கில் எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது; உலக சுகாதார நிறுவனமே சிபாரிசு செய்கிறது. மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் என்ற மருந்து சீனப் பாரம்பரிய மூலிகை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதைக் கண்டறிந்த டூ யூயூ 2015-ல் நோபல் பரிசு பெற்றார். மூலிகையா, ஆங்கில மருந்தா என்பதல்ல கேள்வி. சோதித்துப் பார்த்தார்களா என்பதே கேள்வி.

குடும்பக் குழுவில் எப்படிச் சொல்வது?

பெரியவர்கள் அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். குழுவில் எல்லார் முன்னாலும் "இது பொய்" என்று போட்டால் மனம் நோகும். மெசேஜையும் நீக்க மாட்டார்கள். தனியாகப் பேசுங்கள். "சித்தப்பா, நீங்க அனுப்பினதைப் பார்த்தேன். அந்த ஆஸ்பத்திரியே இது எங்களோடது இல்லைன்னு சொல்லியிருக்காங்க. இதைப் பார்த்து யாராவது மாத்திரையை நிறுத்திடப் போறாங்க, நீங்களே குழுவுல ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்று சொல்லி, சோதித்த பக்கத்தின் இணைப்பையும் அனுப்புங்கள். திருத்தும் மரியாதை அவருக்கே போகட்டும்.

நினைவில் கொள்ள

* சோதிக்க நேரமில்லையா? பார்வர்டு செய்யாமல் விடுங்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.
* எந்த மெசேஜைப் படித்தும் மாத்திரை, இன்சுலின், தடுப்பூசி எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மெசேஜை அப்படியே டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.
* நெஞ்சு வலி வந்தால், தொடர்ந்து இருமினால் மாரடைப்பிலிருந்து தப்பலாம் என்ற பழைய மெசேஜை நினைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.
* கூகுளும் ஏ.ஐ. சாட் பாட்டும் தகவல் தேடத்தான். நோயைக் கண்டுபிடிக்க அல்ல.

இன்று மாலையே, உங்கள் குழுவில் கடைசியாக வந்த ஒரு மருத்துவ மெசேஜை எடுத்து மேலே உள்ள மூன்று படிகளையும் செய்து பாருங்கள். பத்து நிமிடம் போதும். இரண்டாவது மெசேஜுக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.