துருப்பிடித்த போல்ட்டும் ஓம் விதியும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் ஓர் அலகு. உலோக அரிமானம் வேறோர் அலகில் வருகிறது. ஒன்று இயற்பியல், மற்றொன்று வேதியியல். பல ஆண்டுகளாக நான் இரண்டையும் தனித்தனியாகத்தான் நடத்தி வந்தேன். இரண்டும் ஒரே போல்ட்டில் சந்திப்பதை எனக்குக் காட்டியவன், அறிவியல் தேர்வில் இருபது மதிப்பெண்ணைத் தாண்டத் திணறிய ஒரு மாணவன்.

எங்கள் பள்ளி தூத்துக்குடி மாவட்டத்தில் உப்பளங்களை ஒட்டிய ஊரில் இருக்கிறது. சைக்கிள் செயின் முதல் ஜன்னல் கம்பி வரை எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்த மாணவனின் தந்தை வாடகை வேன் ஓட்டுபவர். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் தயங்கியபடி கேட்டார்: "சார், வேன்ல பாட்டு போட்டா வண்டி வேகத்துக்கு ஏத்த மாதிரி ஒரு இரைச்சல் வருது. சத்தம் கூட்டினா ஆம்ப்ளிஃபயர் நின்னு போகுது. ஒரு தடவை ஆம்ப் மாத்தியாச்சு. மறுபடியும் மாத்தணும்ங்கிறாங்க. நீங்க ஒரு தடவை பாருங்க."

ஆய்வகத்து மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயர் இருக்கைக்குப் பின்னால் வண்டியின் பாடியில் ஒரு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. மீட்டரை ஓம் அளவில் வைத்து ஒயருக்கும் பாடிக்கும் இடையே தொட்டேன். ஏறத்தாழ பூச்சியம். "இணைப்பு நன்றாக இருக்கிறது. ஆம்ப்தான் பழுது" என்றேன்.

பக்கத்தில் நின்ற பையன் மெதுவாகச் சொன்னான்: "சார், சும்மா இருக்கும்போது மீட்டர்ல சரியாத்தான் காட்டும். பாட்டைச் சத்தமா வச்சுட்டு வோல்ட் பாருங்க." விடுமுறை நாள்களில் மாமாவின் ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையில் பார்த்துக் கற்றுக்கொண்டதாம்.

மீட்டரை டி.சி. வோல்ட் அளவுக்கு மாற்றினேன். ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையிலும், நீளமான ஒயர் இணைத்த மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்தோம். பாட்டு இல்லாதபோது பூச்சியம். ஒலியைக் கூட்டியதும் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. பேட்டரியில் இருந்த முனையை எடுத்து, போல்ட்டுக்கு அருகே பெயின்டைச் சுரண்டிய தகட்டில் வைத்தோம். ஏறக்குறைய அதே அளவு! பழுது அந்தப் போல்ட்டில்தான். கழற்றினால், ஒயரின் லக்குக்கு அடியில் பாதி பெயின்ட், மீதி செந்துரு. அவன் பேசாமல் இருந்திருந்தால், என் சொல்லை நம்பி அவன் தந்தை இன்னொரு ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருப்பார்.

மீட்டர் ஏன் ஏமாற்றியது?

வாகனத்தில் பேட்டரியின் எதிர்முனை பாடியுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் மின்சுற்று பாடி வழியாகவே முழுமையாகிறது. எர்த் போல்ட்டில் துரு இருந்தால் அது சுற்றில் தொடராக இணைந்த ஒரு மின்தடை.

அந்தத் தடை 0.05 ஓம் என்று கொள்வோம். மீட்டரின் ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை இருக்கலாம். மேலும், ஓம் அளவில் மீட்டர் செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறியது. எனவே 0.05 ஓம் அதன் கண்ணுக்குத் தெரியாது. உரத்த ஒலியில் ஆம்ப்ளிஃபயர் 20 ஆம்பியர் இழுக்கும்போது கணக்கு வேறு:

மின்னழுத்த இழப்பு: 20 × 0.05 = 1 வோல்ட்
வெப்பமாகும் திறன்: 20 × 20 × 0.05 = 20 வாட்

40 ஆம்பியர் என்றால் இழப்பு 2 வோல்ட். வெப்பமோ 80 வாட். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் திறன் 25 வாட் என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள். கார்ப்பெட்டுக்கும் இருக்கைப் பஞ்சுக்கும் அருகே அவ்வளவு சூடு இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர்களே சொல்வார்கள்.

மின்னழுத்தம் குறைந்ததால் ஆம்ப்ளிஃபயரின் பாதுகாப்புச் சுற்று அதை நிறுத்தியது. ஆம்ப்ளிஃபயரின் எர்த்தும் பாட்டுப்பெட்டியின் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இல்லாததால், ஆல்டர்னேட்டரின் அலைவு ஒலியில் கலந்து இரைச்சலானது.

துரு ஏன் அங்கே?

துளை போடும்போது பெயின்ட் போய் இரும்பு வெளிப்படுகிறது. லக் தாமிரத்தால் ஆனது. இரு வேறு உலோகங்கள், இடையே உப்பு கலந்த ஈரம்: இதுவே ஒரு சிறு மின்கலம். இதில் இரும்பு ஆனோடாகி அரிக்கப்படுகிறது. உண்டாகும் நீரேறிய ஃபெர்ரிக் ஆக்சைடு மின்சாரத்தை எளிதில் கடத்தாது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. மூன்று கண்ணாடி டம்ளர்களில் உப்புநீர் எடுத்துக்கொள்ளவும். முதலாவதில் வெறும் இரும்பு ஆணி, இரண்டாவதில் தாமிரக் கம்பி சுற்றிய ஆணி, மூன்றாவதில் துத்தநாகத் தகடு கட்டிய ஆணி. இரண்டு மூன்று நாள்கள் கவனித்துக் குறிக்கச் செய்யவும். தாமிரம் சுற்றிய ஆணி அதிகம் துருப்பிடிக்கும். துத்தநாகம் கட்டியது பெரும்பாலும் தப்பிக்கும்.

2. இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்கள், ஒரு டார்ச் பல்பு, நன்றாகத் துருப்பிடித்த ஓர் ஆணி ஆகியவற்றைத் தொடராக இணைக்கவும். துருவின் மேல் ஒயரை மெதுவாகத் தொட்டால் பல்பு மங்கும் அல்லது எரியாது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் தொட்டால் பளிச்சென்று எரியும்.

தடுக்கும் முறை

வேனில் நாங்கள் செய்ததை வரிசையாகத் தருகிறேன்.

• முதலில் பேட்டரியின் எதிர்முனை ஒயரைக் கழற்றினோம்.
• லக் அமரும் இடம் முழுவதும் பெயின்டும் துருவும் போய் உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்தோம்.
• வெள்ளீயம் பூசிய புதிய ரிங் லக்கை ஒயரில் இறுக்கி, ஈரம் உள்ளே ஏறாதபடி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டோம்.
• நாகமுலாம் பூசிய போல்ட், ஸ்டார் வாஷர் ஆகியவற்றுடன் நன்றாக முடுக்கினோம்.
• முடுக்கிய பிறகு, மேலே வாசலின் தடவினோம். வாசலின் மின்கடத்தி அல்ல. அதன் வேலை காற்றையும் நீரையும் தடுப்பது மட்டுமே. உலோகமும் உலோகமும் தொடும் இடம் சுத்தமாக இருப்பதே முக்கியம்.

எர்த் ஒயர் குட்டையாகவும், நேர்முனை ஒயருக்குச் சமமான தடிமனிலும் இருக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்கக் கூடாது. பெட்ரோல் டேங்க் இருக்கும் இடம் தெரியாமல் துளை போடக் கூடாது. மாணவர்கள் வாகனத்தில் தாங்களாகச் செய்யக் கூடாது. பெரியவர் உடனிருக்க வேண்டும்.

மீண்டும் அளந்தபோது, அதே உரத்த ஒலியில் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே இருந்தது. இரைச்சலும் போய்விட்டது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. மேற்கண்ட படிகளில் பாடநூல் கூறும் அரிமானத் தடுப்பு முறைகள் எவை?
2. லக்குக்கும் தகட்டுக்கும் இடையில் பெயின்ட் பூசினால் துருப்பிடிக்காது. ஆனாலும் ஏன் பூசக் கூடாது?
3. எர்த் இணைப்பில் 30 ஆம்பியர் பாயும்போது 0.6 வோல்ட் இழப்பு என்றால், தடை எவ்வளவு? வெப்பமாகும் திறன் எவ்வளவு?

அடுத்த வாரம் இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தியபோது, அளவிடும் முறையை அந்த மாணவனையே விளக்கச் சொன்னேன். 'அரிமானம்' என்ற சொல்லை அவன் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. 'துரு' என்றே சொன்னான். ஆனால் ஒரு படியும் தவறவில்லை. கலைச்சொற்களை நான் கரும்பலகையில் அவனது சொற்களுக்குப் பக்கத்தில் எழுதினேன். இப்போதெல்லாம் இந்த அலகைத் தொடங்கும் முன், "இதைக் கடையிலோ வீட்டிலோ பார்த்தவர் யார்?" என்று கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறேன்.