மரகதம் புகட்டும் பாடம்

நவமணிகளுள் பசுமைக்கு உரியது மரகதம். அரபியர் இதனைச் 'சுமுர்ருத்' என்பர். மதுரை மணிவீதியில் குற்றம் நீங்கிய மரகதங்கள் ஒளிர்ந்ததைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை நமக்குக் காட்டுகிறது. குற்றமாவன யாவை? கல்லினுள் ஓடும் கீற்றும் படிந்த இருளும் அவற்றுட் சில. பெரில் என்னும் கனிமத்தில் குரோமியமோ வனேடியமோ சிறிதளவு கலப்பதால் இப்பசுமை பிறக்கிறது. கீற்று அறவே இல்லாத மரகதம் அரிது. எனினும் அந்நிறத்தில் மாந்தர் மயங்கினர்.

பண்டு எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் மரகதம் அகழப்பெற்றது. 16ஆம் நூற்றாண்டில் கொலம்பியச் சுரங்கங்களை ஸ்பானியர் கைப்பற்றினர். அதன்பின் அந்நாட்டுக் கற்கள் கடல்கடந்து முகலாயர் அவையை அடைந்தன. முகலாயக் கைவினைஞர் அவற்றை அணிகலன்களில் பதித்ததோடு அமையாது, கல்லின்மீதே பூவும் எழுத்தும் செதுக்கினர். ஹிஜ்ரி 1107இல் (கி.பி. 1695-96) இறைவேண்டல் பொறிக்கப்பெற்ற 217.80 காரட் மரகதம் ஒன்று இன்றும் உள்ளது.

அம்முகலாயர் கருவூலத்தை 1739இல் சூறையாடியவர் ஈரான் மன்னர் நாதிர்ஷா. உதுமானியச் சுல்தான் முதலாம் மஹ்மூது, கைப்பிடியில் மூன்று பெரிய மரகதங்கள் பதித்த குறுவாளொன்றை அவருக்குப் பரிசாக அனுப்பினார். அது சென்றடையுமுன், 1747இல் நாதிர்ஷா கொலையுண்டார். திரும்பிவந்த குறுவாள் இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் காட்சிப்பொருளாக விளங்குகிறது.

வாரிச் சேர்த்தவர் கை வெறுமையாயிற்று. பெயர் அறியாக் கைவினைஞர்தம் திறனோ நிலைபெற்றது. எனவே, மாணவச் செல்வங்களே, அணிகலனின் பெருமை அதனைப் பூண்டவரினும் ஆக்கியவரையே சாரும் எனத் துணிகிறோம்.