தூங்கும் லேப்டாப்பை எழுப்புவோம்! (எஸ்.எஸ்.டி. மாற்றுவது எப்படி?)



இந்த மாத இதழில் கணினிப் பகுதியை என்னை எழுதச் சொன்னார்கள். நம்ம ஊரில் எத்தனையோ வீட்டில் பீரோ மேலேயும் தகரப் பெட்டிக்குள்ளேயும் தூங்கிக்கிட்டிருக்கும் ஒரு சாமானைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் அரசு கொடுத்த லேப்டாப்.

இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூர் பக்கம் காக்களூரில் தொடங்கியது. எல்காட் நிறுவனம் மொத்தமாக வாங்கித் தர, சில வருஷத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் கிடைத்தது. எங்க அக்காவுக்கும் ஒன்று வந்தது. இப்போ அதைத் திறந்தால் முகப்பு வருவதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். "கெட்டுப்போச்சு" என்று எல்லாரும் மூடி வைத்துவிடுகிறார்கள். ஆனால் பல லேப்டாப் கெடவே இல்லை. உள்ளே ஒரே ஒரு பாகம்தான் மெதுவானது. அதன் பெயர் ஹார்டு டிஸ்க். அந்தக் காலத்தில் பெரும்பாலான லேப்டாப்பில் அதுதான் இருந்தது.

ஹார்டு டிஸ்க் என்பது சுற்றும் தட்டு. லேப்டாப்பில் இருப்பது நிமிஷத்துக்கு 5400 சுற்று, அதாவது விநாடிக்கு 90 சுற்று. விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ராட்டினம் பார்த்திருப்பீர்கள். நம்ம பெட்டி கீழே வரும் வரை நிற்க வேண்டும் அல்லவா? அதே மாதிரி, வேண்டிய தகவல் ஊசிக்கு நேராக வரும் வரை கணினி காத்து நிற்கும். ஊசி நகரும் நேரமும் சேர்த்து ஒரு தடவைக்குச் சுமார் 15 மில்லி விநாடி. இது கொஞ்சம்தானே என்று நினைக்காதீர்கள். லேப்டாப் திறக்க 10,000 சின்னச் சின்னத் தகவல் தேவை என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள், 150 விநாடி! எஸ்.எஸ்.டி.யில் ஒரு தடவைக்கு 0.1 மில்லி விநாடிதான் என்றால் எல்லாம் சேர்ந்து ஒரே விநாடி. (கணக்கு டீச்சர் சரிபார்த்துவிட்டார்கள்.)

எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பொருள் எதுவும் கிடையாது. பென் டிரைவ், செல்போனில் உள்ள அதே ஃபிளாஷ் சிப்தான். ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் இருந்த ஃபூஜியோ மசுவோகா என்ற பொறியாளர் 1980களில் கண்டுபிடித்தது. ஒவ்வொரு அறையிலும் மின்னூட்டத்தைப் பிடித்து அடைத்து வைக்கிறார்கள். குடத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து எண்ணைச் சொல்வது போல. டி.எல்.சி. வகையில் ஒரு குடத்தில் 8 மட்டம், கியூ.எல்.சி. வகையில் 16 மட்டம். மட்டம் கூடினால் விலை குறையும், ஆனால் கோடுகள் நெருக்கமாகி ஆயுளும் குறையும். எனக்குக் கேட்டால் டி.எல்.சி.யே வாங்கலாம் என்பேன்.

சரி, வாங்குவதற்கு முன்னால் நோய் என்ன என்று பார்க்கணும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் என்ற இடத்தில் எப்பவும் 100 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நின்றால் ஹார்டு டிஸ்க்தான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லலாம். மெமரி என்ற இடமும் நிறைந்து இருந்தால் ரேம் போதவில்லை. 2 ஜி.பி. ரேம் மட்டும் இருக்கும் லேப்டாப்புக்கு முதலில் ரேம் வாங்குங்கள். பேட்டரி செத்ததற்கும், கீபோர்டில் எழுத்து விழாததற்கும் எஸ்.எஸ்.டி. மருந்து இல்லை.

அடுத்தது அளவு. கடைக்காரர் "எந்த மாடல்?" என்று கேட்டால் முழிக்கக் கூடாது. பழைய லேப்டாப்பில் பெரும்பாலும் இருப்பது இரண்டரை அங்குல சாட்டா வகை. சீட்டுக்கட்டை விடக் கொஞ்சம் பெரிசு. இதில் எஸ்.எஸ்.டி. 7 மி.மீ. தடிமன் இருக்கும். பழைய டிஸ்க் 9.5 மி.மீ. என்றால் புதுசு ஆடும், அதற்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைப்பார்கள். பிந்தி வந்த லேப்டாப்பில் எம்.2 என்ற பட்டை வடிவம் இருக்கலாம். 2280 என்று போட்டிருந்தால் அகலம் 22 மி.மீ., நீளம் 80 மி.மீ. என்று அர்த்தம். இந்தப் பட்டையிலேயே சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு வகை. ஒன்றுக்கு உள்ள இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். அதனால் அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, முடிந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு, கடைக்குப் போவது நல்லது.

256 ஜி.பி. நமக்குத் தாராளம். மாட்டியதும் 238 என்று காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்! கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஆனால் நிஜமாகவே ஏமாற்றும் சரக்கும் உண்டு. பெயர் தெரியாத கம்பெனி, 2 டி.பி. என்று அட்டையில் போட்டு அடிமாட்டு விலை. உள்ளே சின்ன சிப்பை வைத்து, பெரிய அளவைச் சொல்லும்படி செய்திருப்பார்கள். நிறைய நிறைய, முன்னால் போட்டது அழிந்துபோகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையைச் சொல்லிவிடும். பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள்.

இப்போ ரொம்ப முக்கியமான விஷயம். ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் பழைய டிஸ்க்கில் இருப்பதைப் படி எடுக்கணும். எங்க அப்பத்தா களையெடுக்கும்போது பாடுவதை அக்கா செல்லில் பதிந்து லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தாள். அந்த செல் இப்போ இல்லை, அப்பத்தாவும் இல்லை. குரல் அந்த ஒரு தட்டில் மட்டும்தான். நம்ம பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் தொடங்கியது எல்லாருக்கும் தெரியும். பழைய ஓலைச்சுவடியைத் தேடிச் சேர்த்தார்கள். ஓலை செல்லரிக்கும், ஒடியும், அதனால் நூற்றாண்டுக் கணக்காகப் புது ஓலையில் பார்த்துப் பார்த்துப் பெயர்த்து எழுதிக்கொண்டே வந்ததால்தான் சங்க நூல்கள் நம்ம கைக்கு வந்தன. டிஸ்க்கும் அப்படித்தான். நாங்கள் பாட்டை இரண்டு பென் டிரைவில் போட்டு, இரண்டிலும் ஓடவிட்டுக் கேட்ட பிறகே அடுத்த வேலைக்குப் போனோம்.

மாட்டுவதற்கு வேண்டியது ஒரு சின்ன ஸ்டார் ஸ்குரூ டிரைவர், ஒரு பழைய ஏ.டி.எம். கார்டு, ஒரு வெள்ளைத்தாள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்துவிட்டு, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் போய்விடும். பேட்டரி உள்ளேயே இருந்தால் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பைக் கழற்றணும். நம்ம ஊர் காய்ந்த காற்றில் பாலியஸ்டர் துப்பட்டா பட்டாலே பட்பட் என்று பொறி வரும். அந்த நிலைமின்சாரம் சிப்புக்கு ஆகாது. பருத்தி உடை போட்டு, சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து, இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தாளில் லேப்டாப் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஸ்குரூவை அந்தந்த இடத்திலேயே வைக்கவும். ஏனென்றால் நீளம் வேறு வேறாக இருக்கும், நீளமானதைக் குட்டையானது இருந்த இடத்தில் திருகினால் போர்டைக் குத்தும்.

கார்டை விளிம்பில் நுழைத்து மூடியைத் தூக்கினால், டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில் இருக்கும். மேலே இழுக்காமல் பின்னுக்குத் தள்ளி எடுக்கணும். சட்டத்தைப் புது எஸ்.எஸ்.டி.க்கு மாற்றி, அதே வழியில் தள்ளிச் செருகினால் முடிந்தது. நேராக இருந்தால் லேசாகப் போகும், போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள்.

புது டிஸ்க்கில் ஒன்றும் இருக்காது, இயங்குதளம் போட வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது, 11-ஐப் பழைய லேப்டாப் பல ஏற்காது. நாங்கள் லினக்ஸ் போட்டோம். தமிழிலும் வைத்துக்கொள்ளலாம், காசும் இல்லை. பக்கத்துக் கேரளாவில் அரசுப் பள்ளிகள் முழுக்க லினக்ஸில்தான் கணினி நடத்துகிறார்கள். எங்களுடையது இப்போ அரை நிமிஷத்துக்குள் திறக்கிறது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். எஸ்.எஸ்.டி. குடத்தில் கசிவு உண்டு. மின்சாரமே காட்டாமல், வெயில் காயும் தகரப் பெட்டியில் வருஷக்கணக்காகப் போட்டால் மின்னூட்டம் மெல்ல மெல்ல ஒழுகி, தகவல் போய்விடலாம். இரண்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறையாவது போட்டு ஓட விடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். யு.எஸ்.பி. கேஸ் ஒன்று வாங்கி அதில் மாட்டினால் பெரிய பென் டிரைவ் மாதிரி ஆகிவிடும். கேஸ் வாங்கும்போது 9.5 மி.மீ. தடிமன் உள்ளே போகுமா என்று கேட்டு வாங்குங்கள், சிலதில் 7 மட்டும்தான் போகும்.