ரோமானிய வெள்ளிக்காசைப் படிப்பது எப்படி?

ரோமானியப் பேரரசரை நேரில் பார்த்தவர்கள் சிலரே. அவர் முகம் பதிந்த காசோ ஊர் ஊராகப் புழங்கியது. தான் யார், தனக்கு எந்தத் தெய்வம் துணை என்பதையெல்லாம் அவர் அந்தச் சிறு வட்டத்துக்குள் சொல்லிவிட்டார். டெனாரியஸ் என்னும் அந்த வெள்ளிக்காசைப் படிக்க லத்தீன் புலமை வேண்டாம். வரிசையாகப் பார்த்தால் போதும். தென்னிந்தியப் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்த திபேரியஸ் (கி.பி. 14–37) காசையே எடுத்துக்கொள்வோம்.

1. விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.

2. எடை போடுங்கள். தேயாத திபேரியஸ் காசு 3.7 கிராம் அளவில் நிற்கும். ஒரு ரோமானிய பவுண்டு வெள்ளியில் 84 காசு அடித்தது போய், கி.பி. 64இல் நீரோ 96 அடிக்கச் செய்தார். அதற்குப் பிந்தியவை எடை குறைந்தவை. தேய்ந்த இடத்தில் செம்பு தெரிந்தால், அது வெள்ளி முலாம் பூசியது.

3. தலைப்பக்கத்தைப் பாருங்கள். பேரரசர் வலப்புறம் நோக்கியிருப்பார். தலையில் இருப்பது வெற்றியைக் குறிக்கும் லாரல் இலை மாலை.

4. ஓரத்து எழுத்தைப் படியுங்கள். சொற்கள் சுருக்கப்பட்டிருக்கும், 'யு' வரவேண்டிய இடத்திலும் 'வி' இருக்கும். 'ஏவிஜி' என்றால் அகஸ்டஸ், 'எஃப்' என்றால் மகன். முழுப்பொருள்: 'தெய்வமாகிய அகஸ்டஸின் மகன் திபேரியஸ் சீசர் அகஸ்டஸ்'. திபேரியஸ் தத்துப்பிள்ளை. அரியணை உரிமையை நிலைநாட்டவே இந்த வரி.

5. பின்பக்க உருவத்தின் கைகளைக் கவனியுங்கள். தெய்வத்தை அடையாளம் காட்டுவது முகமல்ல, கைப்பொருள். தராசு இருந்தால் நேர்மைத் தெய்வம் ஈக்விடாஸ். சுக்கான் இருந்தால் அதிர்ஷ்டத் தெய்வம் ஃபார்ச்சூனா. சிறகும் மாலையும் இருந்தால் வெற்றித் தெய்வம் விக்டோரியா. திபேரியஸ் காசில் ஒரு பெண் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கிறாள். அமைதித் தெய்வம் என்பார் சிலர். பேரரசரின் தாய் லிவியா என்பார் சிலர். சுற்றியுள்ள எழுத்து பேரரசரைத் தலைமைப் பூசாரி என்கிறது.

6. ஆண்டைத் தேடுங்கள். 'டிஆர் பி' என்பது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட அதிகாரம். பக்கத்தில் எண் இருந்தால் ஆண்டைக் கணக்கிடலாம். நம் காசில் அது இல்லை. ஆட்சிக்காலத்தை மட்டுமே சொல்லலாம்.

நிலத்தில் இப்படிப்பட்ட காசுகள் கிடைத்தால் பிரித்து விற்காதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவியுங்கள். கிடைத்த இடமும் உடன் கிடைத்த பானையும் சேர்ந்தால்தான் அந்தக் காசின் வரலாறு முழுமையாகும்.