அச்சத்திற்கும் ஒரு கணக்கு

பௌதிகம் பயிலும் நான், சர்வதேச உறவுகள் என்னும் பாடத்தை வெறும் பத்திரிகை வாசிப்பு என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் (1881–1953) என்ற ஆங்கிலேய விஞ்ஞானி.

வானிலையைக் கணிதத்தால் முன்னறிய வழி வகுத்தவர் அவர். போரை வெறுத்த குவேக்கர்; எனினும் முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். 1920-இல் வானிலை இலாகா விமான அமைச்சின் கீழ் வந்ததும் பதவி துறந்தார். பின்னாளில் போரின் காரணங்களை ஆராய்வதிலேயே தம் உழைப்பைச் செலுத்தினார். அவ்வாராய்ச்சி நூல்கள் அவர் மறைந்தபின் 1960-இல் வெளிவந்தன.

இரு நாடுகள் படைக்கலம் குவிப்பதை அவர் மூன்று கூறுகளாகப் பிரித்தார். எதிரியின் ஆயுதத்தைக் கண்டு எழும் அச்சம் ஒன்று. அது போட்டியைப் பெருக்கும். செலவுச் சுமையால் வரும் சலிப்பு மற்றொன்று, அது தணிக்கும். பழைய மனக்குறை மூன்றாவது. மனக்குறையும் இருந்து, இரு நாடுகளின் அச்ச எண்களைப் பெருக்கிய தொகை சலிப்பு எண்களைப் பெருக்கிய தொகையை விஞ்சினால், போட்டி கட்டின்றி வளரும். குறைந்தால் ஓர் எல்லையில் நிற்கும். ‘தற்காப்புக்கே’ என்று இரு தரப்பாரும் மெய்யாகவே நம்பிக்கொண்டு போரை நோக்கி நடக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் கணக்கு தலைவிதியன்று. மனிதர் நின்று சிந்தியாவிட்டால் நேர்வதையே தம் சமன்பாடுகள் காட்டுவதாக அவர் கருதினார்.

அணுகுண்டு செய்யக் கற்றது நம் துறை. அது வெடியாதிருக்க வழி தேடும் துறையை நாம் ஏளனம் செய்யலாமா? நண்பர்களே, அடுத்த அறையிலுள்ள அரசியல் மாணவரிடம் ஒரு நூல் இரவல் கேளுங்கள். நான் கேட்டுவிட்டேன்.