புங்கனூர் மாடு வாங்கலாமா?

கேள்வி: டாக்டர் ஐயா, நகரி பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. மாவும் வேர்க்கடலையும் வைக்கிறோம். பேரப்பிள்ளைகள் ஆசைப்படுவதால் ஒரு ஜோடி புங்கனூர் மாடு வாங்க எண்ணம். ‘இரண்டடிக்கு மேல் வளராது’ என்று ஒரு தரகர் லட்சக்கணக்கில் கேட்கிறார். வாங்கலாமா?
- வாசகர், நகரி

பதில்: மாடு வாங்குங்கள். அந்தத் தரகரிடம் மட்டும் வேண்டாம்.

புங்கனூர்ப் பசுவின் சராசரி உயரமே 97 சென்டிமீட்டர், காளை 107. மூன்றடிக்குக் கூடுதல். இரண்டடி மாடு என்றால் வேறு குட்டை மாடுகளோடு கலந்து எடுத்ததாக இருக்கலாம். அகன்ற நெற்றி, பிறை போன்ற சிறு கொம்பு, தரையைத் தொடும் வால் ஆகியவற்றைப் பாருங்கள். தாய்ப்பசுவையும் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் திரும்பிவிடுங்கள்.

2024 பொங்கலுக்குப் பிரதமர் இந்த மாடுகளுக்குத் தீனி கொடுத்த படம் வந்ததிலிருந்து குள்ளத்துக்கே விலை என்றாகிவிட்டது. எனக்கு இது பெரிய வருத்தம். மானாவாரிக் குடியானவர்கள் பாலுக்கும் இலகு உழவுக்கும் வளர்த்த மாடு இது. ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 546 கிலோ பால், ஏறக்குறைய 5 சதவீதக் கொழுப்பு. உங்கள் வீட்டுக்குத் தாராளம். உங்கள் வேர்க்கடலைக் கொடியே நல்ல தீவனம். அதோடு கொஞ்சம் பசும்புல், தாது உப்பு. பூசணம் பிடித்த புண்ணாக்கை மட்டும் வைக்காதீர்கள், அதில் நஞ்சு இருக்கும்.

மிக முக்கியமானது சினை. பசு பருவத்துக்கு வந்ததும் அவசரத்தில் ஜெர்சி ஊசி போட்டுவிடுகிறார்கள். கன்று பெரிதாகி, ஈன முடியாமல் தாயும் கன்றும் சாகலாம். தப்பிப் பிழைத்தாலும் அது புங்கனூர்க் கன்று ஆகாது. இந்த இனம் அருகிப்போனதற்குக் கலப்பினமாக்கலே பெரிய காரணம். ஆகவே புங்கனூர் விந்தோ காளையோ கிடைக்கும் என்று உறுதியான பிறகே பசுவைப் பிடியுங்கள். ஜோடியாக வாங்கினால் இரண்டும் ஒரே தாய்க்கோ ஒரே காளைக்கோ பிறந்தவையாக இருக்கக் கூடாது. பிறக்கும் கிடேரிகளைத் தகப்பன் காளையோடு மேயவும் விடாதீர்கள்.

திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பலமனேர் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்தைப் பல ஆண்டுகளாகப் பாதுகாத்து வருகிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். அசல் மாட்டைக் கண்ணால் பார்த்த பிறகு விலை பேசலாம். கோமாரித் தடுப்பூசி போட்ட மாடுதானா என்பதையும் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.